கல்முகனின் கழுத்து

காலையிலிருந்து கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பின்மண்டையில் ஆரம்பித்துத் தோள்பட்டை வரைக்கும் கம்பியைச் செருகி முறுக்கிவிட்டது போல வலி. புது வலி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கிவிடுகிற சொந்தக்காரன் மாதிரியான வலி. முகத்தைச் சுளித்துக் காட்டினாலும் கிளம்பாது.

"கொஞ்சம் லெஃப்ட்ல திரும்புங்கம்மா," என்றான் கேமராக்காரன்.

நெட்டை மொத்த உடம்பையும் திருப்பினாள்.

"உடம்பு வேணாம். தலை மட்டும்."

"தலை மட்டும் வராதுப்பா. வேணும்னா உன் பெட்டிய நகத்திக்கோ."

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடம் அது. ஒரு பக்கம் வரிசையாகத் துவைக்கும் இயந்திரங்கள், வயிறு குலுங்கச் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் ஆவியில் துணியை அழுத்தித் தேய்க்கும் உருளைகள். நடுவில் மடிப்பு மேஜை. ஈரப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தண்ணீர் குடித்த துணி செத்த ஆடு மாதிரி கனக்கும். நெட்டை ஒரு முனையைப் பிடித்தால், மறுமுனையை அவள் நாத்தனார் பிடிப்பாள். இழு, உதறு, மடி, அடுத்தது. நெட்டையின் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே மேஜையில் வேலை பார்த்தார்கள், ஒரே விஷயத்துக்குத் தினமும் சண்டை போட்டார்கள். கதவு நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம் என்பதால் சின்ன வயதிலேயே அவளுக்கு நெட்டை என்று பெயர் விழுந்துவிட்டது. நாத்தனார் மட்டும் அண்ணி என்பாள்.

படம் எடுக்க வந்திருந்த பெண்ணைக் கூடத்தில் எல்லோரும் படக்காரி என்றார்கள். நல்ல பெண்தான். முதல் நாள் வந்தபோது எல்லோருடனும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஆனால் அவளுக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் அதில் சோகம் இருக்க வேண்டும்.

"அம்மா, அந்த ரத்தக்கறைத் துணிய எடுத்து ஒரு நிமிஷம் பாத்துட்டே இருங்க. பழசெல்லாம் ஞாபகம் வர்ற மாதிரி."

"ரத்தக்கறையப் பாத்தா எனக்கு ப்ளீச்சிங் பவுடர்தான் ஞாபகம் வரும்."

"இல்லம்மா, முகத்துல கொஞ்சம் சோகமா..."

"சோகமா நடிக்கணுமா?"

"ஐயோ, நடிக்கக் கூடாது. இது டாக்குமெண்டரி. இயல்பா இருக்கணும்."

"இயல்பா எனக்குச் சோகம் இல்லையே. கழுத்து வலிதான் இருக்கு." நெட்டை துணியைத் தொட்டியில் போட்டாள். "நடிக்கணும்னா சொல்லு, நடிச்சுக் காட்டுறேன். நல்லாவே தெரியும். ஆனா நடிச்சதுக்கு நடிப்புன்னு பேர் போடணும். அத மட்டும் மறந்துடாத."

"அண்ணி அழுது நான் பாத்ததே இல்ல," என்றாள் நாத்தனார் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து. "எங்கண்ணன் செத்தன்னிக்குக்கூட டெம்போக்காரன்கிட்ட வாடகைக்குச் சண்டை போட்டுட்டு இருந்தாங்க."

"அவன் அநியாயமாக் கேட்டான்."

"கேட்டான்தான். நான் அழுது முடிச்சுட்டு வந்து பாக்குறேன், நீங்க சட்டையப் புடிச்சிட்டு நிக்கிறீங்க."

கேமராக்காரன் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. படக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

*

கல்முகனைத் தெரியாதவர் கிடையாது. வெடிப்பு விழுந்த பாறையைச் செதுக்கியது போன்ற முகமூடி, தரையைத் தொடும் கறுப்பு அங்கி, அவசரமே இல்லாத நடை. படம் வந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. இன்னமும் பள்ளிக்கூடப் பைகளில் அந்த முகம் இருக்கிறது. அந்த நடையைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். பூமியே அவன் காலடிக்கு வந்து சேர்வது போல அவன் நடக்கிறான் என்று ஒருவர் எழுதினார். படத்தின் கடைசியில் முகமூடி கழலும்போது தெரிவது பெரிய நடிகரின் முகம். படம் முழுக்க ஒலிப்பதும் அவர் குரல். விருதும் அவருக்கே வந்தது.

ஆனால் அந்த ஒரு கடைசிக் காட்சியைத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் அங்கிக்குள் இருந்தது நெட்டை.

அப்போது அவள் செங்கல் சூளையில் தலைச்சுமை தூக்கிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பு சூளைக்குப் பக்கத்துக் கல்குவாரியில் நடந்தது. முகமூடியை ஃபைபரிலும் பிளாஸ்டர் மாவிலும் செய்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, தூக்கினால் ஆளைச் சாய்த்தது. ஸ்டண்ட்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அதை மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்துக் குப்புற விழுந்தார்கள். கண் துளைகள் வேறு தப்பான இடத்தில் இருந்தன. உள்ளே இருப்பவர் மூக்குக்குக் கீழே உள்ள வெடிப்பு வழியாகத்தான் பார்க்க முடியும். ஆர்ட் மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, மேட்டில் பெண்கள் செங்கல் அடுக்கோடு வரிசையாகப் போவதைப் பார்த்தார். அதில் ஒருத்தி மற்றவர்களைவிடத் தலை உயரமாக இருந்தாள்.

முதல் நாள் அவளும் விழுந்தாள். தவறு அவளுடையது இல்லை. தலைச்சுமை தூக்குகிறவர்கள் துணியை வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல்தான் பாரத்தை ஏற்றுவார்கள். அதற்குச் சும்மாடு என்று பெயர். அவள் முகமூடிக்குள் வைத்திருந்த சும்மாட்டை, மாட்டிவிட வந்த உதவியாளன் யாரோ மறந்துவிட்டுப் போன அழுக்குத் துணி என்று எடுத்து எறிந்துவிட்டான். எழுந்து வந்து அவனைத் திட்டிய திட்டில் குவாரியே எதிரொலித்தது. பிறகு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுருட்டி, உச்சந்தலையில் வைத்து, முகமூடியை அதன்மேல் இறக்கிக்கொண்டு நடந்தாள். தரையைப் பார்க்காமல், காலின் பெருவிரலால் முதலில் தடவிப் பார்த்துவிட்டு, கழுத்து அசையாமல். ஆர்ட் மாஸ்டர் ஸ்டண்ட்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே படக் கம்பெனிக்காரர் வந்து சொல்லிவிட்டார். "வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. கல்முகனுக்குள்ள ஒரு பொம்பளைன்னு தெரிஞ்சா தியேட்டர்ல சிரிச்சிடுவாங்க." செட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "உள்ளாள் ரெடியா?" என்பார்கள். "உள்ளாளுக்குத் தண்ணி குடு" என்பார்கள். அதோடு சரி. படம் வந்த பிறகு அவள் சொன்னதை நம்பியது புருஷனும் நாத்தனாரும்தான். சூளையில் மற்றவர்கள், "கல்முகன், அந்தச் செங்கல்ல கொஞ்சம் இந்தப் பக்கம் போடு" என்று கேலி செய்தார்கள். சில நாள் கழித்து அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

படக்காரி அவளைக் கண்டுபிடித்தது ஒரு பழைய புகைப்படத்தில். கல்முகன் முகமூடியைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டியபடி தண்ணீர் குடிக்கிறான். முதுகில் தொங்குவதை எல்லோரும் அங்கியின் கயிறு என்று நினைத்தார்கள். படக்காரிதான் அது பின்னல் என்று பார்த்தாள். நுனியில் கிழிந்த துணியால் முடிச்சுப் போட்ட, வேலைக்குப் போகிறவளின் பின்னல். அதைப் பிடித்துக்கொண்டே சூளையில் விசாரித்து, வெளுக்கும் கூடம் வரைக்கும் வந்துவிட்டாள்.

*

பாதி முடிந்த படத்தைப் போட்டுக் காட்டப் படக்காரி ஒரு மாலை வீட்டுக்கு வந்தாள். ஒரே அறை, அதைத் தடுத்து ஒரு சமையலறை. கட்டில்மேல் லேப்டாப்பை வைத்தாள். நாத்தனார் துவைத்த துணிகளைத் தள்ளிவிட்டு முன்வரிசையில் இடம் பிடித்தாள்.

திரையில் வெளுக்கும் கூடம் தெரிந்தது. ஆவி எழும்பியது. ஆவிக்குள்ளிருந்து நெட்டை நடந்து வந்தாள். நன்றாகத்தான் எடுத்திருந்தான் அந்தக் கேமராக்காரன். பிறகு ஒரு குரல் வந்தது. வீடே அதிர்கிற குரல்.

"யாரு, அவரா?" நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பெரிய நடிகர் நம்ம வீட்டுல பேசுறாரு அண்ணி!"

"சும்மா இரு."

"கல்முகனுக்கு உயிர் கொடுத்தவன் நான்," என்றது குரல். "உடல் கொடுத்தவள் இந்தப் பெண். எளிய தொழிலாளி. நடிப்பு என்றால் என்ன என்றே இவளுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அவளால் அப்படி நடக்க முடிந்தது."

நெட்டை திரையில் துணி மடித்தாள், குரல் பேசியது. நெட்டை படியேறினாள், குரல் பேசியது. நெட்டை வாயைத் திறந்து ஏதோ சொல்லத் தொடங்கியதும் அவள் சத்தம் தேய்ந்து அதன்மேல் அதே குரல் ஏறி உட்கார்ந்தது. படத்தின் பெயர் வந்தது. உள்ளாள்.

படக்காரி லேப்டாப்பை நிறுத்திவிட்டு நெட்டையின் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நான் என்ன சொன்னேன் அதுல? வாய் அசையுது. என்ன சொன்னேன்?"

"அது... சூளையில எப்படி நடப்பீங்கன்னு. கொஞ்சம் நீளமாப் போச்சு. அதான் சார் சுருக்கமா..."

"அந்தப் படத்துல நான் நடந்தேன், அவர் பேசினார். சரி. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு வச்சுக்குவோம். அந்த ஏமாத்தைச் சொல்லத்தான் நீ படம் எடுக்கிறேன்னு வந்த. இதுலயும் நான் நடக்கிறேன், அவர் பேசுறார். அப்ப நீ யாரு?"

படக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பழைய படத்துக் காட்சிகளைப் போட கம்பெனி அனுமதி வேணும்மா. சார் குரல் குடுத்தாத்தான் தருவோம்னு சொல்லிட்டாங்க. காட்சி இல்லாம எப்படிம்மா? நீங்கதான் கல்முகன்னு ஜனங்க எப்படி நம்புவாங்க?"

"நடிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாதாம். அத எழுதினது யாரு?"

"சாரே எழுதினது."

"உள்ளாள்னு பேர் வச்சது?"

"நான்தாம்மா. செட்ல அப்படித்தான கூப்பிட்டாங்க? கேக்கவும் நல்லாருக்குன்னு..."

"வீட்டுல இருந்துக்கிட்டே திருடனுக்குக் கதவு திறந்து விடுறவனத்தான் உள்ளாள்னு சொல்லுவாங்க," என்றாள் நாத்தனார். "எங்கண்ணி எந்த வீட்டுக் கதவத் திறந்து விட்டாங்க?"

நெட்டை எழுந்தாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஒரு காட்சி இருக்கும், ஞாபகம் இருக்கா? கல்முகன் அவன் அம்மா வீட்டு வாசல்ல வந்து நிப்பான். கதவத் தட்ட மாட்டான். திரும்பிப் போயிடுவான்."

"அது தெரியாம இருக்குமா? அதப் பாத்துதான் நான் சினிமாவுக்கே வந்தேன்."

"அங்க அழுதியா?"

"அழுதேன்."

"முகமூடியில கண்ணீர் வந்துச்சா? கண்ணு அசைஞ்சுதா? வசனம் ஒண்ணு உண்டா? அப்புறம் எதப் பாத்து அழுத?"

படக்காரி யோசித்தாள். "தோள்... தலை லேசா மேல போகும். என்னமோ தொலைச்சவன் மாதிரி..."

"அத யாரு செஞ்சா?"

படக்காரி அவள் தோளைப் பார்த்தாள்.

"சோத்துக்கு இல்லாதவள்னு சொல்லிக்கோ, பரவாயில்ல, அன்னிக்கு இல்லாமத்தான் இருந்தேன். துணி வெளுக்கிறவள்னு சொல்லு, வெளுக்கிறேன். ஆனா நடிக்கத் தெரியாதவள்னு என் முகத்த வச்சே சொல்லாத. அந்த ஒண்ணுக்குத்தான் உன்ன வீட்டுக்குள்ள விட்டேன்."

படக்காரி லேப்டாப்பை மூடினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். சொல்லத் தயங்கித்தான் சொன்னாள். நாளைக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. சார் வருகிறார். பழைய காட்சிகளில் முகமூடிக்குள் மூச்சுச் சத்தம் சரியாக இல்லை, அதை நெட்டை வந்து பதிவு செய்து தருவதாக ஏற்கெனவே பேசியிருந்தார்கள்.

"மூச்சு மட்டுமா?"

"மூச்சு மட்டும்மா. பிடிக்கலைன்னா வேணாம்."

"வர்றேன்," என்றாள் நெட்டை.

படக்காரி போன பிறகு நாத்தனார் கேட்டாள். "என்ன அண்ணி, இவ்வளவு பேசிட்டு வர்றேன்னு சொல்லிட்டீங்க?"

"மூச்சு விடுற எடத்துல பேச முடியாதா என்ன?"

*

ஒலிப்பதிவு அறை சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருந்தது. பேசினால் சத்தம் வாயிலிருந்து கிளம்பி அங்கேயே விழுந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொத்தான் பலகையின் முன் சவுண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். படக்காரி அவர் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், கேமராக்காரன் மூலையில் பெட்டியோடு நின்றான். நாத்தனார் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து நாற்காலி ஒன்றைப் பிடித்துவிட்டாள்.

பெரிய நடிகர் கைத்தடியோடு வந்து உட்கார்ந்தார். மூட்டுத் தேய்ந்துவிட்டது. முகம் தொங்கிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது, புதுப் பெயிண்ட் அடித்த பழைய வண்டியின் ஹாரன் போல.

"என்னம்மா உள்ளாள்! சௌக்கியமா?"

"உள்ளாள் வெளிய வந்துட்டேன் சார்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். "வெளிய வந்தது நல்லது. நீயும் நானும் சேர்ந்தாதானே ஒரு கல்முகன்? நான் எழுதினது படிச்சியா?"

"படிக்கல. கேட்டேன். எனக்கு நடிப்புன்னா என்னன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"அது பாராட்டும்மா! தெரியாம செய்யறதுதான் பெருசு. பூ, தான் பூக்கிறோம்னு தெரிஞ்சா பூக்குது?"

"நான் பூ இல்ல சார். ஈரத்துணி தூக்குறவ." அவள் அவர் எதிரில் போய் நின்றாள். உட்கார்ந்திருந்த அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மா வீட்டு வாசல் காட்சி. அதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"அதுவா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். பலமுறை பேட்டிகளில் சொன்னது, நாக்கு தானே போனது. "உள்ளே பொங்குறத அடக்கிக்கிட்டு, அப்படியே ஒரு கனம்... தோள்ல மட்டும் அத விட்டேன்."

"அன்னிக்கு நீங்க குவாரிக்கே வரல சார்."

சவுண்டுக்காரர் ஒரு பொத்தானைத் தேவையில்லாமல் துடைத்தார்.

"வேற படத்துக்குப் போயிருந்தீங்க. நீங்க இல்லாததால உங்க வேனத்தான் எங்களுக்குக் குடுத்தாங்க, நிழலுக்கு. நான் அதுலதான் சாப்பிட்டேன்."

அவர் கண்ணைத் திறந்தார். கோபம்தான் முதலில் வந்தது. "இதெல்லாம் இப்ப எதுக்கு? நான் பேசலைன்னா இந்தப் படத்த எவன் வாங்குவான்? ஒரு துணி வெளுக்கிற பொம்பளை பேசுறத உக்காந்து கேப்பாங்களா?"

"பாப்போமே, கேக்கறாங்களான்னு."

"தோள் இறங்குச்சே, டைரக்டர் சொல்லித்தானே செஞ்ச?"

"டைரக்டர் 'வாசல்ல நில்லு'ன்னு மட்டும்தான் சொன்னார்."

"அப்புறம் ஏன் இறங்குச்சு?"

கேட்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேட்டிகளில் சொல்லிச் சொல்லித் தனதாக்கிக்கொண்ட ஒன்றை, இவ்வளவு வருஷம் கழித்து, எப்படிச் செய்தது என்று வேறொருத்தியிடம் விசாரித்துவிட்டார்.

"சொல்றேன்," என்றாள் நெட்டை. "ஆனா உங்ககிட்ட இல்ல. மைக்குல."

அவள் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே போனாள். படக்காரி எழுந்துவிட்டாள். "அம்மா, மூச்சு மட்டும்தான்..."

"இத ரெக்கார்டு பண்ணினா, காட்சி ஒண்ணுகூட கம்பெனி தராது," என்றார் பெரிய நடிகர் படக்காரியிடம், கைத்தடியை ஊன்றி எழுந்தபடி. "நான் சொன்னாப் போதும். யோசிச்சுக்கோ. முதல் படம் உனக்கு."

படக்காரி கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பாவம், பெற்றவர்களின் வீட்டை அடமானம் வைத்து எடுக்கிற படம் என்று நாத்தனாரிடம் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

"காட்சி இல்லாம..." என்று அவள் வாய் முணுமுணுத்தது.

"ஏம்மா," என்றாள் நாத்தனார் நாற்காலியை விட்டு எழாமலே, "சமையல்காரியே வீட்டுல இருக்கா, எதுக்குப் பக்கத்து வீட்டுல போய்ச் சோறு கடன் கேக்குற? அந்த நடைதான வேணும்? கால் அண்ணிகிட்டதான இருக்கு."

திறந்திருந்த உள்கதவு வழியாக நெட்டைக்கு இது கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பி, அந்தச் சின்ன அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் நடந்தாள். முகமூடி இல்லை, அங்கி இல்லை, கால்களில் ரப்பர் செருப்பு. திரும்பாத கழுத்து. பெருவிரல் முதலில் தரையைத் தேடியது, உடம்பு அதன் பின்னால் வந்தது. சின்ன அறைதான், ஆனால் அவள் போய்ச் சேர நெடுநேரம் ஆவது போல இருந்தது. கேமராக்காரன் எப்போது கேமராவைத் தோளில் ஏற்றினான் என்று யாருக்கும் தெரியாது.

படக்காரி உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சிவப்பு லைட் போடுங்க சார்," என்றாள் சவுண்டுக்காரரிடம்.

பெரிய நடிகர் கதவைத் திறந்தார். ஆனால் வெளியே போகவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றார்.

மைக்கைப் பெரிய நடிகர் உட்காரும் உயரத்துக்கு வைத்திருந்தார்கள். சவுண்டுக்காரர் உள்ளே பேசும் பொத்தானை அமுக்கினார். "அக்கா, கொஞ்சம் குனிஞ்சு பேசுங்க, மைக் கீழ இருக்கு."

"குனிய முடியாது. மைக்க ஏத்துங்க."

"கழுத்து வலியாக்கா?"

"வலிதான். வலி இல்லாட்டியும் குனிய மாட்டேன். ஏத்துங்க."

அவர் உள்ளே போய் மைக்கை ஏற்றினார். அது அவ்வளவு உயரம் போய்ப் பழக்கமில்லை, கிறீச்சிட்டது. அவள் உதடு வரைக்கும் வந்ததும் நிறுத்தினார்.

நெட்டை தொண்டையைச் செருமினாள்.

"சூளையில பாரம் தூக்கிட்டுப் போவோம். போற வரைக்கும் கழுத்துக்கு அது மட்டும்தான் தெரியும். வேற நெனப்பு வராது, வரவும் கூடாது, வந்தா விழுந்துடுவோம். போய்ச் சேந்ததும் ரெண்டு பேர் வந்து மேல இருந்து எடுத்துடுவாங்க. எடுத்தவுடனே கழுத்து தானா மேல போகும். அதுக்குத் தெரியாது, பாரம் போயிடுச்சுன்னு. ஒரு நொடி அது தேடும். தோள் கீழ விழும். அந்த நொடியில மனுஷனுக்கு எங்க இருக்கோம்னே தெரியாது. தூக்கும்போதுகூட அவ்வளவு தனியா இருக்க மாட்டோம்.

"அந்த வாசல்ல நிக்கச் சொன்னப்போ யோசிச்சேன். இவன் பெத்தவ மேல கோவத்த இத்தன வருஷமா சுமந்துட்டு வர்றான். வாசலுக்கு வந்ததும் அது இறங்கிடுச்சு. தட்டணும்னு இருந்தான், கோவத்தோட. கோவம் இல்லாம எப்படித் தட்டுறதுன்னு அவனுக்குத் தெரியல. அதான் போயிட்டான். இத எனக்கு யாரும் சொல்லித் தரல. கதைய முழுசாக்கூடச் சொல்லல. நானா யோசிச்சேன், நானா செஞ்சேன், எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சு செஞ்சேன். அதுக்குப் பேரு நடிப்பு. சும்மாடு கட்டத் தெரிஞ்சவ எவளும் நடந்துடலாம். அந்த வாசல்ல எல்லாரும் அப்படி நிக்க முடியாது. நான் நின்னேன்."

கதவு மூடும் சத்தம் கேட்டது. நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். கைத்தடி டக் டக்கென்று நடைபாதையில் போய்க்கொண்டிருந்தது, வந்ததைவிட மெதுவாக.

படக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நெட்டை அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா அழுற? வீடு அடமானத்துல இருக்குன்னா? படம் வித்துடும், பயப்படாத. இல்லாட்டி வெளுக்குற கூடத்துல ஆள் எடுக்கிறாங்க."

படக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். "பேர மாத்துறேம்மா. உள்ளாள் வேணாம்."

"அது உன் இஷ்டம். நீ எடுக்கிற படம்."

சவுண்டுக்காரர் பொத்தானை அமுக்கினார். "அக்கா, முடிச்சுக்கலாமா? இல்ல வேற ஏதாவது சொல்லணுமா?"

நெட்டை கழுத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கம்பி இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணு இருக்கு. லைட் எரியுதுல்ல?"

"எரியுது."

அவள் மைக்கை நேராகப் பார்த்தாள்.

"கம்பெனிக்காரங்களுக்குச் சொல்றேன். உங்க படம் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. அது முடியறப்ப நடிச்சவங்கன்னு பேர் வரிசை ஒண்ணு மேல ஏறிப் போகும். குதிரைக்காரன் வரைக்கும் அதுல இருக்கான். கல்முகனுக்கு நேரா ஒரு ஆள்தான் இருக்கார். அங்க நான் இருக்கணும். நீங்க எனக்குத் தர வேண்டியது அந்த ஒரு வரி. இன்னும் தரல."